தொடர் தும்மல், மூக்கொழுகல்: ஒவ்வாமையிலிருந்து நிவாரணம் பெறுவது எப்படி?

(மாதாந்திர சமுதாய நலக் கூட்டத்தில் நமது மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





சென்ற மாதம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் எதைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டபோது, தாய்மார்கள் பலர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "காலையில் எழுந்தால் பிள்ளைக்கு இருபது தும்மல், முப்பது தும்மல். மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறான். மாத்திரை கொடுத்தால் வகுப்பில் தூங்கிவிடுகிறான்" என்றார்கள். தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் நம் டெல்டா ஊர்களில் இந்தக் குரல் வீட்டுக்கு வீடு கேட்கும்.

இதைச் சிலர் சளி என்கிறார்கள், சிலர் சைனஸ் என்கிறார்கள், சிலர் ஈஸ்னோபீலியா என்கிறார்கள். சித்த மருத்துவர்கள் பீனிசம் என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வைக்கோல் காய்ச்சல் என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. ஆனால் இதில் காய்ச்சலும் வராது, இது வைக்கோலால் மட்டும் வருவதும் அல்ல. அந்தக் காலத்தில் புதிதாக அறுத்த புல்லின் வாசனைதான் காரணம் என்று மக்கள் நம்பியதால் வந்த பெயர் அது. நாம் இதை மூக்கு ஒவ்வாமை என்றே சொல்லுவோம்.

பழைய நோய்தான்

இது இன்றைக்குப் புதிதாக வந்த நோய் அல்ல. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்கர் அர்ராஸீ, அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீக்கு வசந்த காலத்தில் ரோஜா மணத்தை நுகர்ந்தால் மட்டும் மூக்கொழுகல் வருவது ஏன் என்று தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். பருவகால ஒவ்வாமையைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. ஐரோப்பாவில் 1819 இல்தான் ஜான் போஸ்டாக் என்ற லண்டன் மருத்துவர், ஆண்டுதோறும் கோடையில் தனக்கே வரும் இந்தத் தொல்லையை மருத்துவர்கள் சபையில் விவரித்தார். இதற்குக் காரணம் வெயிலோ வாசனையோ அல்ல, பூக்களின் மகரந்தத் தூள் என்பதை மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தன் உடலிலேயே சோதித்து 1873 இல் நூலாக வெளியிட்டார்.

உடலுக்குள் நடப்பது இதுதான். மகரந்தமோ தூசியோ நமக்குக் கெடுதல் செய்யும் கிருமி அல்ல. ஆனால் சிலருடைய உடல் அதை எதிரி என்று தவறாக எண்ணிக்கொள்கிறது. அதற்கென ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயார் செய்து வைக்கிறது. அடுத்த முறை அதே தூள் மூக்கில் பட்டவுடன் ஹிஸ்டமின் என்ற பொருள் சுரக்கிறது. அதனால்தான் அரிப்பு, தும்மல், நீர் வடிதல், மூக்கடைப்பு எல்லாம் வருகின்றன. ஆகவே இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. தும்முகிற பிள்ளையை வகுப்பில் தள்ளி உட்கார வைக்க வேண்டியதில்லை. பெண் பார்க்கும்போது மறைக்க வேண்டிய குறையும் அல்ல.

சளியா, ஒவ்வாமையா?

சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். முதலில் தொண்டை வலிக்கும், உடம்பு வலிக்கும், காய்ச்சல் வரலாம். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது. மூக்கு, கண், மேல் அண்ணம் ஆகியவற்றில் அரிப்பு இருக்கும். அடுத்தடுத்துத் தும்மல் வரும். வடிவது தெளிந்த நீராக இருக்கும். வாரக்கணக்கில் நீடிக்கும், அல்லது ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரும். குடும்பத்தில் வேறு யாருக்காவது ஆஸ்துமாவோ தோல் அரிப்போ இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இதைப் பிரித்தறிவது ஏன் முக்கியம்? ஒவ்வாமைக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. அது பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்து. ஒவ்வாமையில் கொல்ல வேண்டிய பாக்டீரியா எதுவும் இல்லை. நம்மிடம் மருந்துச் செலவுக்கு உதவி கேட்டு வருகிற குடும்பங்களின் சீட்டுகளைப் பார்க்கும்போது, தும்மலுக்கு மாதாமாதம் ஆன்டிபயாட்டிக் வாங்கியிருப்பதைக் காண்கிறோம். கூலி வேலை செய்பவரின் பணம் வீணாகிறது. உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்த மருந்து கேட்காமலும் போகலாம்.

அதேபோல, இரத்தப் பரிசோதனையில் ஈஸ்னோபில் அணுக்கள் கூடியிருந்தாலே அது ஒவ்வாமைதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. குடல் புழுக்களாலும் அது கூடும். யானைக்கால் நோயின் புழுக்களாலும் கூடும். சீட்டைப் பார்த்து நாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்திருப்பது, இரத்தம் கலந்து வருவது, நாற்றமுள்ள சளி, முகத்தில் கடும் வலி ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள் அல்ல. இவை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்கள்.

நம் ஊரில் எது கிளப்பிவிடுகிறது?

அறுவடைக் காலத்தில் இயந்திரம் வயலில் இறங்கினால் நெல் சுணையும் வைக்கோல் தூசியும் தெருவரை வரும். மழை ஓய்ந்ததும் காலிமனைகளில் பார்த்தீனியம் பூக்கும். வெளிநாட்டிலிருந்து கோதுமையோடு வந்து 1950களில் புனே பகுதியில் காணப்பட்ட இந்தச் செடி இன்று நாடு முழுவதும் பரவிவிட்டது. அதன் மகரந்தம் மூக்கையும், அதன் இலை தோலையும் பாதிக்கும். சீமைக்கருவேலம், சவுக்கு, ஆமணக்கு, முள்ளுக்கீரை, தென்னை, அருகம்புல் ஆகியவற்றின் மகரந்தமும் ஒவ்வாமை தரக்கூடியவை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதன் நுண்ணிய வித்துகளும் காற்றில் பறக்கும். ஆண்டு முழுவதும் தொல்லை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. அதுதான் தூசி உண்ணி. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். தலையணை, மெத்தை, கம்பளம் ஆகியவற்றில் நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழ்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நம் பகுதி அதற்கு மிகவும் ஏற்ற இடம். அதன் கழிவுதான் மூக்கில் ஏறித் தும்மலைக் கிளப்புகிறது.

எது காரணம் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி, ஒரு நோட்டில் எழுதுவது. எந்த மாதம், எந்த நேரம், எந்த இடத்தில் தும்மல் கூடியது என்று ஒரு மாதம் குறித்துவந்தால் பாதி விடை கிடைத்துவிடும். தேவைப்பட்டால் மருத்துவர் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்வார்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தலையணை உறை, படுக்கை விரிப்பு ஆகியவற்றை வாரம் ஒருமுறை நல்ல சூடான நீரில் துவையுங்கள். 60 டிகிரி சூட்டில் உண்ணிகள் சாகும். மெத்தை, தலையணைகளை நல்ல வெயிலில் காயப்போட்டுத் தட்டுங்கள். ஆனால் தட்டுவது ஒவ்வாமை உள்ளவராக இருக்க வேண்டாம். பஞ்சு மெத்தையைவிடக் கோரைப் பாய் நல்லது. பாயை உதறலாம், துடைக்கலாம், வெயிலில் போடலாம். மின்விசிறி இறக்கைகளை ஈரத்துணியால் துடையுங்கள். தரையைக் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பதே மேல்.

அறுவடை நாட்களில் வெளியே போனால் முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். வீடு திரும்பியதும் உடை மாற்றி, முகம், தலை கழுவுங்கள். இல்லையென்றால் முடியில் ஒட்டிய தூள் இரவெல்லாம் தலையணையில் கிடக்கும்.

சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, கொசுவர்த்தி, கடுமையான அத்தர் எல்லாம் ஏற்கெனவே புண்ணான மூக்கை மேலும் எரிச்சலூட்டும். வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் புகை போடுவது நம் பழக்கம். ஆனால் அந்த வீட்டில் தும்மலும் இளைப்பும் உள்ள பிள்ளை இருந்தால், அந்தப் புகையைத் தவிர்ப்பதுதான் பிள்ளைக்குச் செய்யும் நன்மை. கண் அரித்தால் சுர்மா இட வேண்டாம். பல சுர்மாக்களில் ஈயம் இருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. கண்ணைக் கசக்கவும் விடாதீர்கள். தொடர்ந்து கசக்கினால் கருவிழியின் வடிவமே கெட்டுப்போகலாம். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கண்மேல் வைத்தாலே அரிப்பு அடங்கும்.

பள்ளிவாசலில் செய்ய வேண்டியவை

இந்த இடத்தில் நிர்வாகிகளிடம் சற்று உரிமையோடு பேசுகிறோம். சுவரிலிருந்து சுவர்வரை ஒட்டிய கம்பளம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதைக் கழற்றித் துவைக்கவும் முடியாது, வெயிலில் போடவும் முடியாது. ஸஜ்தாவில் நம் மூக்கு நேராக அதன்மேல்தான் படுகிறது. தொழுகையில் தும்மலை அடக்க முடியாமல் தவிப்பவர்கள் பலர் நம்மில் உண்டு. புதிதாகத் தரை போடும்போது, சுருட்டி எடுத்து வெயிலில் போடக்கூடிய விரிப்புகளைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கம்பளம் உள்ள இடங்களில் நல்ல வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் இஷாவுக்குப் பிறகு சுத்தம் செய்யுங்கள். ஜமாஅத் தொடங்கும் முன் கூட்டினால் எழும் தூசி அத்தனை பேரின் மூக்கிலும் ஏறும். ஏசி வடிகட்டிகளையும் மாதம் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் தம் சொந்த முஸல்லாவை, அதாவது துவைத்த பருத்தித் துணியை, கொண்டுவந்து விரித்துக்கொள்ளலாம்.

மையவாடியையும் மறந்துவிடாதீர்கள். பார்த்தீனியம் அங்கேதான் அடர்ந்து வளர்கிறது. முளைத்து ஒன்றரை மாதத்திற்குள் பூத்துவிடும். ஒரு செடி பல ஆயிரம் விதைகளை உதிர்க்கும். ஆகவே பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாரும் அதைத் தொட வேண்டாம். தோலில் கடும் புண் வரும். இளைஞர் அணி மழை முடிந்த முதல் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்காக ஒதுக்கினாலே போதும்.

மூக்கைக் கழுவுதல்

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது செலவில்லாத, நல்ல பலன் தரும் வழி. ஒட்டிய மகரந்தத்தையும் தூசியையும் அது அடித்துச் செல்லும். ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மில்லி நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலக்க வேண்டும். எரிச்சல் இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். நீரை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

இந்த எச்சரிக்கையை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிர் பிழைப்பது மிக அரிது. 2024 இல் கேரளத்தில் இந்த நோய் பரவலாகப் பேசப்பட்டது. கராச்சி நகரில் இதனால் இறந்தவர்களில் பலர் குளத்திலோ நீச்சல் குளத்திலோ இறங்கியவர்களே அல்ல. குளோரின் போதாத குழாய் நீரில் ஒளு செய்தபோது அது மூக்கில் ஏறியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். யாரும் அஞ்ச வேண்டாம், இது மிக அபூர்வமான நோய். ஆனால் ஹவுளையும் மேல்நிலைத் தொட்டியையும் முறையாகக் கழுவி, சரியான அளவு குளோரின் சேர்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஒளுவின் சட்டங்களை ஆலிம்கள் சொல்லித் தருவார்கள். நாங்கள் சொல்வதெல்லாம் அந்த நீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான்.

மருந்துகள்

முதலில் மாத்திரை. கடையில் "சளி மாத்திரை" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது குளோர்பெனிரமின் என்ற பழைய மருந்து, அல்லது அது கலந்த மாத்திரை. அது தும்மலை நிறுத்தும், கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். லாரி, வேன், ஆட்டோ ஓட்டும் சகோதரர்களே, இதைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறாதீர்கள். தூக்கம் வரவில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும் கையும் கண்ணும் மந்தமாகத்தான் இருக்கும். லோராடடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதிய மருந்துகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. செட்ரிசின் இவற்றுக்கு நடுவில் உள்ளது. சிலருக்குத் தூக்கம் வரும், ஆகவே இரவில் போடுவது நல்லது. ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாறோடு சாப்பிடாதீர்கள், மருந்து சரியாக உடலில் சேராது. தண்ணீரோடு சாப்பிடுங்கள்.

மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனியுங்கள். பிரிட்டனில் 1,800க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2007 இல் வெளியான ஆய்வில், தேர்வு நாட்களில் இந்த ஒவ்வாமைத் தொல்லை இருந்த மாணவர்கள், முந்தைய மாதிரித் தேர்வைவிட ஒரு தரம் குறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. தூக்கம் தரும் மாத்திரை எடுத்தவர்களுக்கு அது 70 சதவீதம் வரை போனது. பிள்ளை படிக்கவில்லை என்று திட்டும் முன், அவன் மூக்கையும் மாத்திரையையும் பாருங்கள். சரியான மருந்தைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து மூக்கு ஸ்ப்ரே. தொடர்ந்து தொல்லை உள்ளவர்களுக்கு மிகச் சிறந்த மருந்து இதுதான். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு ஆகியவை இந்த வகை. "ஸ்டீராய்டா?" என்று பயப்பட வேண்டாம். மிகக் குறைந்த அளவு மருந்து மூக்கில் மட்டும் வேலை செய்கிறது. ஆனால் ஒரு நாள் அடித்துப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று வைத்துவிடக் கூடாது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்கிற்கு இடது கையாலும் இடது மூக்கிற்கு வலது கையாலும், நுனி காதுப் பக்கம் நோக்கியிருக்குமாறு அடிக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் இரத்தம் வரலாம். அடித்தவுடன் பலமாக உறிஞ்ச வேண்டாம்.

மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சொட்டு மருந்து வேறு. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று அட்டையில் இருக்கும். ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாது. போட்டால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும். நம் முகாமுக்கு வந்த ஒரு சகோதரர் பல ஆண்டுகளாகச் சட்டைப் பையில் அந்தப் புட்டி இல்லாமல் வெளியே போனதில்லை. அவருடைய பழைய ஒவ்வாமையைவிட அந்தச் சொட்டு மருந்தே பெரிய நோயாகிவிட்டிருந்தது.

மாண்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரைகளைச் சிலருக்கு மருத்துவர்கள் எழுதுவார்கள். அது சிலரிடம் மன அமைதியின்மை, கெட்ட கனவு, மனச்சோர்வு ஆகியவற்றைத் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. பிள்ளையின் குணம் திடீரென மாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையையோ, "ஒரு ஊசி போட்டால் சீசன் முழுக்கத் தாங்கும்" என்பதையோ நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சிரப்பை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்திருக்கிறது. கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். கொதிக்கும் பானையில் ஆவி பிடிக்கும்போது பிள்ளைகள் வெந்துபோகும் விபத்துகள் நடக்கின்றன. அதுவும் வேண்டாம்.

கருஞ்சீரகம் பற்றி எப்போதும் கேட்பீர்கள். சில சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மருத்துவர் கொடுத்த மருந்தை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

நோன்புக் காலத்தில் என்ன செய்வது? இந்த மாத்திரைகளில் பலவும், ஸ்ப்ரேக்களில் பலவும் நாளொன்றுக்கு ஒருமுறை போதுமானவை. இஃப்தாருக்குப் பிறகோ, தூங்கும் முன்போ, ஸஹரிலோ எடுத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் நோன்பு வைப்பதாகச் சொன்னால் அதற்கேற்ப எழுதித் தருவார்.

எதற்கும் கட்டுப்படாதவர்களுக்கு, ஒவ்வாமை தரும் பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை உண்டு. 1911 இல் லண்டனில் தொடங்கிய முறை இது. மூன்று ஆண்டுகளாவது தொடர வேண்டும். ஒவ்வாமை மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

இளைப்பை அலட்சியம் செய்யாதீர்கள்

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் இருக்கும். தும்மலோடு இரவு இருமல், நெஞ்சில் விசில் சத்தம், ஓடினால் மூச்சிரைப்பு இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். 2016 நவம்பரில் மெல்போர்ன் நகரில் ஒரு மாலை இடிமழையோடு புல் மகரந்தம் வெடித்துப் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா இருந்ததே தெரியாது. வெறும் தும்மல்தான் என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதைச் சொல்கிறோம். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் கூச்சமின்றிப் பயன்படுத்துங்கள். பெண்பிள்ளை என்று மறைத்து வைக்காதீர்கள்.

நிறைவாக

மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, வீட்டில் நீண்ட நாள் தும்மல் உள்ளவர் இருந்தால் இந்த மாதமே ஒருமுறை மருத்துவரிடம் காட்டிப் பெயர் தெரிந்த மருந்தை எழுதி வாங்குங்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இவற்றில் பல மலிவாகக் கிடைக்கும். அதுவும் இயலாதவர்கள் நம் குழுவிடம் சீட்டைக் கொண்டுவாருங்கள், வெட்கப்பட வேண்டாம். இரண்டு, முத்தவல்லியும் நிர்வாகிகளும் விரிப்பு, ஏசி, தொட்டி ஆகியவற்றைச் சுத்தம் செய்யும் தேதியை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். மூன்று, இளைஞர்கள் மையவாடியையும் மதரஸாவைச் சுற்றியுள்ள காலிமனைகளையும் பார்த்தீனியம் பூக்கும் முன் சுத்தம் செய்யுங்கள்.

இந்த ஒவ்வாமையை அடியோடு போக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஆனால் நிம்மதியாகத் தூங்கவும், படிக்கவும், வேலை பார்க்கவும், தும்மாமல் ஒரு தொழுகையை முடிக்கவும் வழி இருக்கிறது. அந்த வழி நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அனைவருக்கும் அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.